வயது எழுதாத நாலு குட்டிகள்

வீட்டில் பாயசத்துக்கு ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி. அந்த நேரம் பார்த்து ஒரு கடுவன் பூனை, சமையலறை ஜன்னலுக்கு வெளியே அடுக்கியிருந்த தேங்காய் மட்டைகளின் மேல் வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிட்டுப் போயிற்று. இரண்டு வாடையும் ஒரே காற்றில் உள்ளே வந்தன. ஏலக்காய் இனிக்கும். கடுவன் மூத்திரம் மூக்கின் அடிவரை போய்க் குத்தும். இரண்டும் கலந்தால் என்ன வாடை வரும் என்பது ஏலக்காய் ஸ்டோரில் நின்றவர்களுக்குத் தெரியும். நான் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். எங்கள் ஊர் வடகரப்பதி வெயில் முகத்தில் அறைந்தது. ஆனால் என் காலுக்குக் கீழே மழையில் நனைந்த குமுளிச் சாலைதான் ஓடிக்கொண்டிருந்தது.

"பாயசம் ஆறிப்போகுதுங்" என்று சற்று நேரம் கழித்து உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. ஆறட்டும் என்று நின்றேன்.

அதற்கு முந்தின நாள்தான், நான் கடைசியாக உத்தியோகம் பார்த்த மலை ஆஸ்பத்திரிக்கு எனக்குப் பிறகு வந்திருக்கும் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர் பெண் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். விரல் நீளத்தில் வெள்ளை பிளாஸ்டிக் துண்டு, நடுவில் இரண்டு சிவப்புக் கோடு. கீழே ஒரு வரி: "சார், பூனைக்கு எஃப்.ஐ.வி. பாசிட்டிவ்தானே?" நான் பதிலுக்கு, "வயசு எவ்வளவுங்க?" என்று எழுதினேன். வெகுநேரம் கழித்து, "குட்டி சார்" என்று வந்தது. உடனே கூப்பிட்டுப் பேசினேன். பேசி முடித்ததும் அவள், "இதையெல்லாம் எழுதி வைங்க சார், எங்களுக்கு யாரும் சொல்றதில்லை" என்றாள். இப்போது டவுனுக்கு டவுன் செல்லப்பிராணிக் கடை வந்துவிட்டது. பூனையின் எதிர்ப்புச் சக்தியை அரிக்கும் அந்த நோய்க்கான இந்தப் பரிசோதனைக் கிட் கேட்ட இடத்திலெல்லாம் கிடைக்கிறது. பத்து நிமிஷத்தில் கோடு வந்துவிடுகிறது. கோட்டைப் படிக்கத்தான் நாளாகும். எனக்கு ஆன நாள் எவ்வளவு என்பதைத்தான் எழுதுகிறேன்.

நானும் டாக்டரில்லை, லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர்தான். மாட்டுக்காரன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, காப்பீட்டுக்குக் காதுத் தோடு, செத்த மாட்டுக்குச் சான்று. தோள்வரை உறை மாட்டி, மாட்டின் வயிற்றுக்குள் கண் தெரியாத இருட்டில் கன்றின் குளம்பைத் தேடிப் பிடித்த கை இது. அந்தக் கையின் மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சமல்ல. உத்தியோகத்தின் கடைசி நாலு வருஷத்துக்கு என்னை மலைக்கு மாற்றினார்கள். குமுளியிலிருந்து கொஞ்ச தூரம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. தப்பு என்னுடையது, அந்தக் கட்டடத்துக்கு அதில் பங்கில்லை.

மாட்டாஸ்பத்திரி என்றுதான் அங்கும் பெயர். வாசலில் மாட்டை நிறுத்திக் கட்டும் மரச்சட்டம் பாசி பிடித்து நின்றது. வந்ததெல்லாம் நாயும் பூனையும் தடுப்பூசிக் கோழியும். நான் சேர்ந்து ஒரு வருஷத்தில் டாக்டர் கல்யாணி வந்தார். கல்பாத்திக்காரர். முப்பது வயது இருக்கும். என் மூத்த மகளைவிட இரண்டு வயது கூடுதல். மெலிந்த உருவம், பேச்சு மட்டும் நூறு வருஷத்துக்கு முந்தின தமிழ்.

அவர் பூனை பார்க்கும் விதத்தை நின்று சொல்ல வேண்டும். முதலில் கதவைச் சாத்துவார். பிறகு, "ரங்கசாமி சார், ஃபேனை நிறுத்துங்கோ. அதுக்கு அந்தச் சத்தம் பிடிக்கறதில்லை" என்பார். மேஜையில் பூனையை வைக்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையணை உறையை விரித்து, அதன் மேல் பூனையைத் தானாக வரவிடுவார். வரும்வரை அதைப் பார்க்கவே மாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சில பூனைகளுக்கு அரைமணி நேரம் ஆகும். வெளியே ஆட்கள் முணுமுணுப்பார்கள். வந்தபின் உறையில் உடம்பைப் பொதிந்து ஒரு முன்னங்காலை மட்டும் வெளியே எடுத்து, ரோமத்தை ஸ்பிரிட்டால் நனைத்து வகிடு எடுப்பார். நூல் மாதிரி நரம்பு தெரியும். ஊசி இறங்குவது பூனைக்கே தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. ரிஜிஸ்டரைத் திறந்து பென்சிலால் வயதுக் கட்டத்தை நிரப்புவார். பெயர், ஊர், நோய் எல்லாம் அப்புறம். "வயசு எழுதாம ரத்தம் எடுக்கப்படாது, கேட்டேளா?" என்று வந்த முதல் வாரமே சொன்னார். சரிங்க என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவன், மகள் வயதுக்காரியிடம் ஏன் என்று கேட்பதா? அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வந்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

ஏலக்காய் ஸ்டோர் என்பது காயை உலர்த்தி, தூசி போக்கி, தரம் பிரித்துச் சாக்கில் கட்டுகிற இடம். தரம் பிரிப்பது பெண்கள். காலையில் கூடலூர், கம்பம் பக்கமிருந்து ஜீப்பில் மலையேறி வந்து சாயங்காலம் இறங்கிப் போவார்கள். பச்சைக் காயின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, விரலும் வாயும் ஓயாமல் ஓடும். எலிக்கு ஏலக்காய் பெரிதாக வேண்டாம். குட்டி போடச் சணல் வேண்டும். சாக்கைக் கடித்துப் பஞ்சாக்கிவிடும். அதனால் ஸ்டோருக்கு ஸ்டோர் பெட்டைப் பூனைகள் உண்டு. கடுவன் மட்டும் முறைக்கு வரும். எலியடிப்பதில் பேர்போன ஒரு கடுவனைச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றி, இந்த ஸ்டோரில் ஒரு மாதம், அடுத்த ஸ்டோரில் ஒரு மாதம் என்று விடுவார்கள். எந்த முதலாளிக்கும் அது சொந்தமில்லை. எல்லாருக்கும் முறையுண்டு. நான் பார்த்த காலத்தில் முறையில் இருந்தது ஒரு செம்பட்டைக் கடுவன். பெண்கள் அதற்குச் சண்டியர் என்று பேர் வைத்திருந்தார்கள். காது இரண்டும் கிழிந்து, கன்னம் தடித்து, நடந்து வந்தால் வழிவிடத் தோன்றும்.

வாய்ப்புண் பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. ஈறு ரத்தச் சிவப்பு, எச்சில் ஒழுக்கு, ஆறாத புண், எலும்பு தெரியும் முதுகு. டாக்டர் கொச்சியில் இருக்கும் சிநேகிதியிடமிருந்து கிட் வரவழைத்தார். வந்த பூனைகளில் பாதிக்கு இரண்டு கோடு. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்புறம் ஸ்டோர்களைப் புள்ளி புள்ளியாக வைத்தார். சண்டியர் எந்த மாதம் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டுக் கேட்டுக் கோடு இழுத்தார். கோடு போன வழியில்தான் நோய் போயிருந்தது.

"பார்த்தேளா? இது கடி வழியாக்கும் போறது" என்றார். "சண்டையில பல்லு ஆழமா இறங்கறது இல்லையா, அந்த எச்சில் உள்ளே போறது. அதுதான் வழி. ஒரே தட்டுல சாப்பிட்டா, பக்கத்துல படுத்துண்டா சாதாரணமா வராது. மனுஷாளுக்கு வரவே வராது. சண்டியருக்கு விதை எடுத்துட்டா சண்டை குறையும். சண்டை குறைஞ்சா இதுவும் குறையும்."

அன்றைக்குச் சண்டியர் இருந்த ஸ்டோருக்கு இரண்டு பேரும் போனோம். சூப்பர்வைசர் சாக்கோ, கையில் லெட்ஜரோடு வாசலை மறித்து நின்றார். "அது நடக்காது டாக்டரே. விதை எடுத்தா பின்னெ எலி பிடிக்குமோ?"

"எலியைப் பிடிக்கறது பல்லாக்கும் சாக்கோ. நீங்க சொல்ற சாமான் இல்லை."

காய் பிரிக்கும் வரிசை முழுக்கச் சிரிப்பு. நடுவிலிருந்து ஒரு குரல், தலை நிமிராமலேயே: "அப்பிடியே எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு ஊசியப் போட்டு விடுங்க டாக்டரம்மா. அவரும் ஒரு எடத்துல நிப்பாரு."

அப்படித்தான் எனக்கு மாயக்கா அறிமுகம். கூடலூர்க்காரி. நாற்பத்தைந்து வயது. பெரிய எலும்பு, சின்னக் கண். சிரிப்பை வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சிரிக்க விடுகிறவள். சாக்கோ ஒரு மாதம் இழுத்துவிட்டுச் சம்மதித்தார். விதை எடுத்த மூன்றாம் வாரம் சண்டியர் ஒரு பெருச்சாளியைக் கொன்று அவர் நாற்காலிக்கடியில் கொண்டுவந்து போட்டதாகச் சொன்னார்கள். சொன்னது மாயக்கா, அதனால் பாதி உண்மை இருக்கும்.

அதற்குள் அந்த ஸ்டோரின் பெட்டையை அது கடித்திருந்தது. வெள்ளச்சி என்று பேர். மாயக்காவின் செல்லம். கூடலூரிலிருந்து தூக்குச்சட்டியில் கருவாட்டுத் தலை கொண்டுவந்து போடுவாள். வெள்ளச்சியின் ரத்தத்தில் இரண்டு கோடு வந்தபோது அது சினையாகவும் இருந்தது. மாயக்கா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படப்படாது" என்றார் டாக்டர். "இந்தக் கோடு வந்துடுத்துன்னா நாளைக்கே போயிடும்னு அர்த்தமில்லை. வருஷக்கணக்கா இருக்கும். நன்னா சாப்பாடு போடுங்கோ, வெளியே சண்டைக்கு விடாதேங்கோ. குட்டிகளை அப்புறமா பார்க்கலாம்."

அப்புறமா என்றால் எப்போது என்றும் நான் கேட்கவில்லை.

வெள்ளச்சி நாலு குட்டி போட்டது. இரண்டு சாம்பல், ஒன்று தாயைப் போல் வெள்ளை, ஒன்று சண்டியரின் செம்பட்டை. வாய்ப்புண்ணால் தாய் ஒழுங்காகத் தின்னவில்லை, பால் குறைந்தது. டீ வேளையில் மற்றப் பெண்கள் டீ குடிக்க, மாயக்கா குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு மருந்து புகட்டும் பாலாடையில் பால் கொடுப்பாள். சாக்கு மறைவில் அவை ஓடிப் பிடித்து விளையாடும்போது, காய் பிரிக்கும் வரிசையில் பேச்சு நின்றுவிடும். விரல்கள் மட்டும் ஓடும். நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் தேர் என்று டாக்டர் மூன்று நாள் லீவில் போனார். இரண்டாம் நாள் காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. சாக்கோவும் மாயக்காவும் வந்தார்கள். மாயக்காவின் இடுப்பில் காய்க் கூடை. மேலே துண்டு போர்த்தியிருந்தது. துண்டு நாலு இடத்தில் அசைந்தது.

ஒரு சாம்பல் குட்டிக்குக் கண்ணில் நீர் வடிந்தது. அவ்வளவுதான் நோய். ஆனால் சாக்கோ போனில் என்னவோ படித்திருந்தார். "சாரே, தள்ளைப் பூனைக்கு இருக்கிற அந்த வைரஸ் இதுகளுக்கும் இருக்கான்னு இன்னைக்கே தெரியணும். நாளைக்குக் காய் பார்க்க வெளிநாட்டு ஆள் வரும். சீக்குப் பூனை ஓடுற ஸ்டோர்னு பேரு வந்தா தீர்ந்தது."

டாக்டர் வரட்டுங்க. இரண்டே சொல். சொல்லியிருக்கலாம். பரிசோதனை என் வேலையும் இல்லை, எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் சாக்கோ இன்னொன்றும் சொன்னார்: "சாருக்கு இது தெரியாதோ? மாடு மட்டுந்தானோ?"

நான் கதவைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். தரையில் உட்கார்ந்தேன். எல்லாம் அவர் செய்கிறமாதிரியே. தலையணை உறையில் குட்டியைப் பொதிந்தபோது அது என் கட்டைவிரலைப் பால்காம்பென்று நினைத்துச் சப்பியது. கழுத்து நரம்பில் சின்ன ஊசி. சில சொட்டு ரத்தம், சில சொட்டுக் கரைசல். பிளாஸ்டிக் துண்டின் ஜன்னலில் சிவப்பு மெல்ல ஊறி ஏறிப்போனது, மண்சுவரில் மழைத்தண்ணீர் ஏறுவதுபோல். முதல் கோடு வந்தது. அது எப்போதும் வரும், கிட் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதன் பக்கத்தில் ஒன்றுமில்லாத வெள்ளை. கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி பார்த்தபோது வெள்ளையில் ஒரு மங்கல். பிறகு கோடு. நாலு துண்டை வரிசையாக வைத்திருந்தேன். நாலிலும் இரண்டிரண்டு.

ரிஜிஸ்டரில் நாலு வரி எழுதினேன். பூனை, குட்டி. பூனை, குட்டி. கடைசிக் கட்டத்தில் பாசிட்டிவ், பாசிட்டிவ். வயதுக் கட்டம் நாலையும் விட்டுவிட்டேன். குட்டிக்கு என்ன வயது எழுதுவது என்று தோன்றியதாக ஞாபகம்.

கதவைத் திறந்தேன். மாயக்கா என் கையைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள்.

"நாலுக்கும் இருக்குதுங்க" என்றேன்.

"தேறுமா சார்?"

கொஞ்சம் யோசித்திருக்கலாம். தெரியாதுங்க என்றிருக்கலாம். பால்கூட மறக்காத குட்டிக்கு இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் அத்தனை வருஷமாக மாட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டது இதே கேள்வி. நான் சொன்னால் சொன்னதுதான் என்று பேர் வாங்கியவன்.

"தேறாதுங்க. வெச்சிருந்தாலும் கஷ்டந்தான் படும்."

அவள் துண்டை இழுத்து நாலையும் மூடினாள். மழைக்கு மூடுகிறமாதிரி இருந்தது.

சாயங்காலத்துக்குள் கூடை ஸ்டோரைவிட்டுப் போகவேண்டும் என்றார் சாக்கோ. அதற்குப் பிறகு நடந்ததை மறுநாளே மாயக்கா என்னிடம் வந்து சொன்னாள். செம்பட்டைக் குட்டி கூடையிலிருந்து குதித்துச் சாக்கு அடுக்குக்குள் போய்விட்டது. ஜீப்காரன் ஹாரன் அடிக்கிறான், கைக்கு அகப்படவில்லை. மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தாள். "எங்க வீட்டுலயும் பூனை கெடக்கு, பக்கத்து வீட்டுலயும் கெடக்கு. அதுகளுக்கும் ஒட்டிருச்சுன்னா?" மலைப்பாதையின் ஒரு கொண்டையூசி வளைவில் தண்ணீர் விழும் இடத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். பாறை மறைவில் கூடையை வைத்தாள். மத்தியானம் தான் தின்னாமல் வைத்திருந்த சோற்றையும் கருவாட்டையும் பக்கத்தில் வைத்தாள். "கத்தலே சார். அதான் இன்னும். கத்தியிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பேன்."

மறுநாள் ஜீப் ஏறும்போது கூடை இருந்தது. சோறு இல்லை. குட்டிகளும் இல்லை.

டாக்டர் லீவு முடிந்து வந்து ரிஜிஸ்டரைத் திறந்தார். நான் எதிரில் நின்றேன். பென்சில் நாலு வெற்றுக் கட்டத்தின் மேலும் ஒவ்வொன்றாக நின்று நகர்ந்தது.

"இதெல்லாம் எத்தனை வயசு, ரங்கசாமி சார்?"

"பத்து வாரமிருக்குமுங்க."

பென்சிலைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"ரத்தத்துல வைரஸ் இருக்கான்னு இந்தக் கிட் பார்க்கறதில்லை சார். அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கின பொருள் இருக்கான்னுதான் பார்க்கறது. அந்தப் பொருள் அம்மாவோட பால்லேர்ந்து குட்டிக்கும் வந்துடும். நோய் வராட்டாலும் கோடு வரும். ஆறு மாசமானா அது தானா கரைஞ்சு போயிடும். அதுக்கப்புறம் பார்க்கணும். அம்மாகிட்டேர்ந்து குட்டிக்கு நோயே வர்றது அபூர்வமாக்கும்." ரிஜிஸ்டரை மூடி, "இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

கேட்டிருக்கவேண்டியவன் நான்.

உடனே புறப்பட்டோம். டாக்டரின் ஸ்கூட்டரில் நான் பின்னால். அந்த வளைவில் நிறுத்தி, ஈரப் பாறையில் வழுக்கி வழுக்கி இறங்கினோம். கூடை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே கொஞ்சம் சாம்பல் நிற ரோமம். டாக்டர் உதட்டைக் குவித்து, தாய்ப்பூனை குட்டியைக் கூப்பிடுகிறமாதிரி தொண்டைக்குள் உருட்டிக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் காதைச் சாய்ப்பார். தண்ணீர்ச் சத்தம். குரங்குகள் மேலிருந்து பார்த்தன. கீழே கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. மத்தியானம் வரை தேடினோம். அவர் சேலை முழங்கால்வரை சேறு.

செம்பட்டைக் குட்டி மூன்று நாள் கழித்துப் பசியில் சாக்கடுக்கிலிருந்து வெளியே வந்தது. வெளிநாட்டு ஆள் வந்து போயாகிவிட்டது, சாக்கோவும் கண்டுகொள்ளவில்லை. மாயக்கா பழையபடி தூக்குச்சட்டி கொண்டுவர ஆரம்பித்தாள். டாக்டர் அதைப் பார்த்து, ரிஜிஸ்டரில் வயது எழுதி, இனி எந்த மாதம் பார்ப்பது என்று பக்கத்தில் குறித்தார். அந்த மாதம் வந்தது. நான் ஃபேனை நிறுத்தினேன். அவர் ரத்தம் எடுத்தார். கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரு கோடு. பக்கத்தில் வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது. இரண்டு மாதம் விட்டு மறுபடி பார்த்தார். ஒரு கோடு.

"இதுக்கு நோய் இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "மத்த மூணும் இப்படித்தான் இருந்திருக்கும். நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா அப்படித்தான்."

வெளியே வந்து மாயக்காவிடம், "இதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும் சார். கருவாட்டுத் தலையாப் போட்டு நாந்தேன் தேத்துனேன். நீங்க தேறாதுன்னீங்க, நான் விடலைல?" குட்டியை, அப்போது அது முக்கால் பூனை, தோளில் போட்டுத் தட்டினாள். குரல் இறங்கியது. "மத்த மூணும் தாங்கியிருக்காது. சவலைக. நோவுபட்டு வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளச்சி கணக்கா எச்சி ஒழுகிக்கிட்டுக் கெடக்கறதுக்கு, அன்னைக்கே போனது நல்லதுதேன். அப்பிடி நெனச்சுத்தேன் நான் தூங்குறேன் சார்."

டாக்டர் கதவருகில் நின்று இதைக் கேட்டார். அவள் போனபிறகு, "அவாகிட்டச் சொல்லணுமாக்கும்" என்றார். "நாளைக்கு இன்னொருத்தி குட்டியைக் கொண்டுவருவா. மாயக்கா அவளுக்கு என்ன சொல்லுவா? தேறாது, விட்டுடுன்னுதானே? நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றேளா?"

"நானே சொல்றேனுங்க."

சொல்லவில்லை. ஸ்டோருக்குப் போவேன், வேறு ஏதாவது பேசிவிட்டு வருவேன். அந்த வளைவில் ஜீப் திரும்பும்போது மாயக்கா பேச்சை நிறுத்திவிடுவாள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். வெள்ளச்சி அடுத்து வந்த மழைக்காலத்தில் செத்துப்போனது. கொய்யா மரத்தடியில் புதைத்தாள். அன்றைக்கும் சொல்லவில்லை. டாக்டருக்குப் பாலக்காட்டுப் பக்கம் மாற்றல் வந்தது. போய்ச் சேர்ந்து ஒருநாள் போன் செய்தார். வேறு நாலு விஷயம் பேசிவிட்டு, "மாயக்காகிட்டச் சொன்னேளா?" என்றார்.

"சொல்லிப்போட்டேனுங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"ம்... என்னத்தைச் சொல்லுவா, பாவம்" என்றார். உத்தியோகத்தில் நான் எழுதிய பொய்ச் சான்று ஒன்றுமில்லை. சொன்ன பொய் இது.

ஐம்பத்தாறு வயது முடிந்து ரிடையர் ஆனேன். ஆஸ்பத்திரியில் மாலை போட்டார்கள், வடையும் டீயும் கொடுத்தார்கள். மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். நாலரை மணி. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், கையெல்லாம் ஏலக்காய் மணக்க. மாயக்கா என்னைப் பார்த்து இறங்கி வந்தாள்.

"என்னா சார், கல்யாண மாப்பிள்ள கணக்கா மாலையோட நிக்கிறீக?"

"இன்னையோட முடிஞ்சுதுங்க. நாளைக்கு ஊருக்கு."

"போங்க, நல்லாருங்க. அங்க போயி மாட்டுக்குப் பொறத்தாலயே நில்லுங்க சார். பூனை உங்களுக்குத் தோதுப்படாது."

ஜீப்புக்குள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன். நின்ற இடத்திலேயே, ஒரே மூச்சில். கோடு வந்தது தாய்ப்பாலால் என்று. ஆறு மாத வயது ஆகும்வரை பொறுத்திருந்தால் கோடு தானாகப் போயிருக்கும் என்று. செம்பட்டை தேறியது கருவாட்டால் இல்லை, அதற்கு நோயே வந்திருக்கவில்லை என்று. அந்த வயதில் பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் பார்த்தேன், தெரியாமலே தேறாது என்றேன் என்று. யாராவது குட்டியைக் கொண்டுவந்தால் அவசரப்பட வேண்டாம் என்று அவள்தான் சொல்லவேண்டும் என்றும் சொன்னேன்.

அவள் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்து, மூடினாள்.

"மூணுமா சார்?"

"தெரியலீங்க. இருக்கலாமுங்க."

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. அவங்க அப்பவே சொல்லச் சொன்னாங்க. நாந்தான்..."

ஜீப்காரன் ஹாரனில் கையை வைத்தான். "ஏறு மாயக்கா, மலையெறங்க நேரமாச்சு" என்று உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் போய் ஏறினாள். இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜீப் நகரத் தொடங்கியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"சொல்லாமப் போயிருக்கலாம்ல சார்."